மூன்று நிமிடத்தில் எழுந்த காமன்

மாசிக்கு மாசி எனக்காக மாரடித்து அழுத என் மச்சான் ராசுவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். போன இடத்தில் உனக்கு என்ன குறை? வெட்ட ரப்பர் மரம் இல்லை, விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு மணி இல்லை, மழை வந்தால் பாலில் தண்ணீர் விழுந்துவிடுமே என்ற பயம் இல்லை. நான்தான் இங்கே கொதித்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிடித்த கோபம் இது. நீ இருந்திருந்தால் வாசலில் நின்றபடியே ஆளுக்கு இரண்டு கெட்ட வார்த்தை சொல்லி ஆற்றிக்கொண்டிருப்போம். நீ இல்லாததால் பேனாவைத் தூக்க வேண்டியதாகிவிட்டது.

விஷயம் இதுதான். நம்முடைய காமன் கூத்தைக் கொழும்பில் புதுமுறை என்று மேடை ஏற்றி, அதை டீவியிலும் போட்டார்கள். போட்டது யார் தெரியுமா? நிரோஷன் என்று ஒரு பையன். நீ போன பிறகு வந்தவன், உனக்குத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் தோட்டத்துக்கு வந்து, என் வீட்டில் இரண்டு நாள் தங்கி, உன் தங்கச்சி பாக்கியம் சுட்ட ரொட்டியையும் கட்ட சம்பலையும் தின்றுகொண்டு, நான் பேசியதையெல்லாம் போனில் பதிந்துகொண்டு போனான். நல்ல பிள்ளை, கையைக் கட்டிக்கொண்டுதான் கேட்டான். அவனே போன் பண்ணி, "ஐயா, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணிக்கு டீவியப் பாருங்க, உங்க கூத்துதான்" என்றான்.

பாக்கியம் காலையிலேயே தலை முழுகிவிட்டாள். வாசலில் கிடந்த செருப்பையெல்லாம் ஓரம் தள்ளினாள். டீவிக்கு முன்னால் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துச் சூடம் கொளுத்தினாள். "டீவிக்கு எதுக்குடி சூடம்?" என்றேன். "வர்றது காமன்தானே, வெறும் வாசலாவா இருக்கும்?" என்றாள். அவள் சொன்னால் மறுபேச்சு உண்டா? அவளும் உன் ரத்தம்தானே.

ஆரம்பத்தில் எனக்குக் கோபமே வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். காமன் மோட்டார் பைக்கில் வந்து இறங்கினான், கறுப்புக் கண்ணாடி, காலில் வெள்ளைச் சப்பாத்து. கரும்பு வில்லுக்குப் பதிலாகக் கிட்டார். நான் சிரித்தேன். நாம் மட்டும் என்ன, அந்தக் காலத்தில் பெற்றோல்மாக்ஸை விட்டுவிட்டு யட்டியாந்தோட்டையில் வாடகைக்கு லைட்டும் மைக்கும் எடுத்துவந்து ஆடவில்லையா? அன்றைக்கும் நாலு பெரியவர்கள் குதித்தார்கள்.

சிவன் ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, காதில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பாக்கியம் கேட்டாள், "தவம் பண்றவரு காதுல என்னங்க அது?"

"பாட்டு கேக்குறாரு."

"பாட்டு கேட்டுக்கிட்டா தவம் பண்ணுவாக? அதான் காமன் வந்து நிக்கிறது காதுல விழல."

ரதி ஒரு நிஜப் பொம்பளைப் பிள்ளை, உன்னை மாதிரி வேஷம் கட்டிய ஆம்பிளை இல்லை. கார்மெண்ட் வேலைக்குப் போகிற பெண்ணாக வந்தாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. நம் பிள்ளைகளில் பாதி இன்றைக்கு அந்த வேலைக்குத்தான் போகிறார்கள், அதனால் அதுவும் சரிதான். கோபித்துக்கொள்ளாதே மச்சான், அவள் குரல் உன்னைவிட நன்றாக இருந்தது. உனக்கு மேல்சுரம் போகும்போது சேவல் கூவுகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அது அவளுக்கு வரவில்லை. கழுத்து நிறைய மயிர்க்கால் தெரிய, மீசை எடுத்த இடம் பச்சையாக இருக்க, பாக்கியத்தின் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு நீ வந்து நின்றதைப் பார்த்தவன் நான். அதனால்தான் ஒப்பிடுகிறேன்.

பிறகு எரித்தார்கள். புகை மிஷினை வைத்துப் புகை விட்டு, சிவப்பு லைட்டைப் போட்டு, காமனைத் தரையில் சாய்த்து வெள்ளைத்துணி மூடினார்கள். பாக்கியம் எழுந்து நின்றாள். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் பெண் ஒப்பாரி எடுத்தாள். நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். மூன்றே நிமிடம், அதற்குமேல் ஒரு நொடி இல்லை. லைட்டு மினுக் மினுக் என்றது. வெள்ளைத்துணியை விலக்கிக்கொண்டு காமன் எழுந்தான். காற்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். ரதியின் கையைப் பிடித்து ஒரு சுற்று சுற்றி ஆட ஆரம்பித்துவிட்டான். சபையெல்லாம் கைதட்டியது.

"டேய்!" என்று கத்தினேன். டீவியைப் பார்த்துத்தான் கத்தினேன். "மூணு நாள் எங்கடா? மூணு நாள எங்கடா போட்டீங்க?"

இந்தக் கடிதத்தை வேறு நாலு பேர் படித்தாலும் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சிவனின் தவத்தைக் கலைத்த காமனை அவர் நெற்றிக்கண்ணால் எரித்துவிடுவார். ரதி அழுது வரம் வாங்கி அவனை எழுப்புவாள். அவள் கண்ணுக்கு மட்டும்தான் அவன் தெரிவான். எரிப்பது முதல் நாள் விடியற்காலை, எழுப்புவது மூன்றாம் நாள் சாயங்காலம். நடுவில் தோட்டத்துக்கே துக்கம். வேறு தோட்டங்களில் எப்படியோ, நம் தோட்டத்தில் இன்னொரு கட்டும் உண்டு. எரிந்த காமன் எழுப்புகிறவரை ஒருவர் கண்ணிலும் படக்கூடாது. பழைய மருந்துக் காம்பராவில், அந்தப் பலகை அறையில், பாயைப் போட்டுப் படுக்க வேண்டும். சோறு வாசலில் வரும். பேசக்கூடாது, யார் கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்கக்கூடாது. செத்தவன் பேசுவானா என்பார் நம் கூத்து வாத்தியார்.

பத்தொன்பது மாசி அப்படிப் படுத்தேன். பத்தொன்பது தடவையும் வெள்ளைத்துணிக்கு மேலே உன் குரல்தான். பார்க்கிறவர்களுக்கு நீ அழுகிற ரதி. எனக்கு மட்டும்தான் தெரியும் நீ நடுநடுவே என்ன சொல்வாய் என்று. ஒரு அடி அழுது முடித்து, மாரில் அடித்துக்கொண்டு, என் மேல் விழுகிற சாக்கில் காதுக்கிட்டே வந்து, "கொசு கடிக்குதாடா? அசையாத. தும்முன, கொன்னுப்புடுவேன்" என்பாய். நான் துணிக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். ஒரு வருஷம் எனக்குச் சிரிப்பு வந்து வயிறு குலுங்கிவிட்டது. கிழவிகள் எல்லாம் காமனுக்கு உயிர் ஊசலாடுகிறது என்று இன்னும் ஓவென்று அழுதார்கள்.

சரி. டீவியில் அந்தக் காமன் ஆடிக்கொண்டிருக்கிறான். நான் கத்திக்கொண்டிருக்கிறேன். அப்போதுதான் பாக்கியம் என் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. சோத்துக்கு உப்புப் பார்க்கக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"இம்புட்டு லேசா எந்திரிக்கலாமா? அப்ப அன்னைக்கி நீங்களும் எந்திரிச்சிருக்கலாம்ல?"

பதினொரு வருஷம் மச்சான். பதினொரு வருஷமாக இந்த வீட்டில் அவள் அதைக் கேட்டதில்லை. ஒரு சண்டையில் கூடக் கேட்டதில்லை. பிள்ளையின் கல்யாணத்தில் தாய்மாமன் இடம் காலியாக இருந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. ஒரு டீவிக்காரன் வந்து அவள் வாயைத் திறந்துவிட்டான்.

உனக்கு எவ்வளவு தெரியுமோ எனக்குத் தெரியாது. நீ அன்றைக்கு இருந்த நிலையில் பார்த்தாயா, கேட்டாயா? நானே சொல்கிறேன்.

அந்த மாசியில் விடியற்காலை நாலு மணிக்கு என்னை எரித்தார்கள். ராத்திரி முழுக்கத் தொண்டை கிழியக் கத்திய நீ ஆறு மணிக்குப் பெரட்டுக்குப் போனாய். "ஒரு பேரு, ஒரு நாள் சம்பளம், ஏன் வீணாப் போகணும்?" என்றாயாம். பாக்கியம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கண்ணில் ரதிக்குத் தீட்டிய மையைக் கூடக் கழுவாமல், தோளில் ரதியின் துக்கத்துக்குப் போட்ட வெள்ளைத்துணியோடு பால் வெட்டப் போனாய். நாற்பது மரம் வெட்டியிருந்தாய் என்று கங்காணி சொன்னார். அடுத்த மரத்தடியில் நெஞ்சைப் பிடித்தபடி விழுந்துகிடந்தாய். தோட்டத்து ரோட்டு வாசலில் வண்டி நிறுத்தும் சுனில் தன் திரீவீலரில் உன்னைப் போட்டுக்கொண்டு கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு ஓடினான். போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாய்? சோறு வைக்க வந்த கைதான் சொன்னது. என் தம்பி வாசலில் தட்டை வைத்துவிட்டு, கதவைப் பார்த்தபடியே, "ராசண்ணே போயிருச்சுண்ணே" என்றான். செத்தவனிடம் பேசக்கூடாது. ஆனாலும் சொன்னான். நான் கதவில் கை வைத்தேன். வைத்தேன் மச்சான், அது பொய்யில்லை.

வாத்தியார் வெளியே வந்து நின்றார். கூட நாலு பெரியவர்கள். அவர் கதவுக்கு அந்தப் பக்கத்தில் நின்று பேசியது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

"மாரிமுத்து, கேட்டுக்க. ரதியே போயிட்டா. நாளன்னைக்கி வேற ஆளுக்குச் சேலை கட்டி உன்னைய எழுப்பிருவோம். அதுக்கு முன்னாடி நீ வெளிய வந்தா, எழுப்பாத காமன் தோட்டத்துல நடமாடுன மாதிரி. புள்ளைகுட்டி இருக்குற தோட்டம். ஏதும் ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீயா?"

நான் கையை எடுத்துவிட்டேன். பெரிய மனுஷர் சொன்னார், நான் கேட்டேன். அவ்வளவுதான் நடந்தது. உனக்குக் கல்யாணம் காட்சி இல்லை, பெண்டாட்டி பிள்ளை இல்லை. பாக்கியத்தை விட்டால் உனக்கு ரத்த சொந்தம் யார்? என்னை விட்டால் உன் பாடைக்கு முன்தோள் யார்? நான் போட வேண்டிய கோடித்துணியை என் தம்பி போட்டான். நீர்க்குடத்தை என் மகன் சுமந்தான். பாக்கியம் தனியாக நின்று தலையில் அடித்துக்கொண்டாள், புருஷன் முப்பது எட்டு வைக்கும் தூரத்தில் பாயில் படுத்திருக்க.

இரண்டாம் நாள் மத்தியானம் உன்னைத் தூக்கினார்கள். இடுகாட்டுக்குப் போகும் பாதை மருந்துக் காம்பராவை ஒட்டித்தான் போகிறது என்று உனக்குத் தெரியும். தப்பு மேளச் சத்தம் நெருங்கி வந்தது. பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். மாலையும் காலும்தான் தெரிந்தது. கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். சுனில்!

"மாரிமுத்து! எந்நகோ! மினிய கெனியனவா!"

பிணத்தைக் கொண்டு போகிறார்கள், வெளியே வா என்று அவன் சிங்கள பாஷையில் கத்துகிறான். வருஷா வருஷம் கூத்துப் பார்க்க வந்து நிற்கிறவன்தான். ஆனால் இந்தக் கட்டு அவனுக்கு எப்படித் தெரியும்? நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அவன் இன்னும் இரண்டு தடவை தட்டினான். பிறகு, "மொன மனுசயெக்த மே?" என்றான். இவன் என்ன மனுஷன் என்று அர்த்தம். போய்விட்டான். இன்றுவரை என் முகத்தைப் பார்த்து அவன் அதைச் சொன்னதில்லை. நான்தான் அவன் வண்டியில் ஏறுவதில்லை.

மூன்றாம் நாள் வேறொருத்தன் உன் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்று என்னை எழுப்பினான். நான் எழுந்தேன். தோட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு நான் காமன் வேஷம் கட்டவில்லை. கூத்து நிற்கவில்லை மச்சான், அதை நினைத்து நீ கவலைப்படாதே. வருஷா வருஷம் நடக்கிறது. இப்போது காமன் கட்டுகிற பையன் என்னைவிட நன்றாகக் குதிக்கிறான். நான் கடைசி வரிசையில் நின்று பார்த்துவிட்டு, எரிக்கிறதுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

இதை எல்லாம் அந்த நிரோஷனிடம் சொன்னேன். பாக்கியத்திடம் கூடச் சொல்லாததை, அந்தப் பலகை இடுக்கை, சுனில் தட்டியதை, எல்லாவற்றையும் அவன் போனில் கொட்டினேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதைப் பார்த்துத்தான் இவன் நம் பிள்ளை என்று நம்பினேன். இப்போது பார்த்தால் மூன்று நாளைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, முடிந்த பிறகு டீவியில் பேட்டி வேறு கொடுக்கிறான். "பழைய வடிவத்துல காத்திருப்பு ஜாஸ்தி. நாங்க கொஞ்சம் டைட் பண்ணியிருக்கோம்" என்கிறான். டைட்டாம்! என் கழுத்தில் பதினொரு வருஷமாக டைட்டாக இருப்பது அவனுக்குத் தெரியாதா?

உடனே போனைப் போட்டேன். பாக்கியம் பக்கத்திலேயே இருந்தாள்.

"ஐயா! பார்த்தீங்களா? எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருந்துச்சா? மூணு நாள மூணு நிமிஷமாக்கிட்டியேப்பா. ஒனக்குச் சோறு போட்டது இதுக்கா?"

"ஐயா, மேடையில மூணு நாளைக் காட்ட முடியாதே."

"காட்டச் சொன்னேனா? இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல? ஒரு வெளக்க அணைச்சு, நூறு எண்ணுற வரைக்கும் சனங்கள இருட்டுல ஒக்கார வச்சிருக்கலாம்ல? அந்த நூறுக்குள்ள ஆளாளுக்கு அவங்க வீட்டுச் சாவ நெனச்சிருப்பாங்க. ஒனக்கு அதுக்குக் கூட நேரமில்ல!"

லைன் போய்விட்டதோ என்று போனைத் தட்டினேன். பிறகு அவன் சொன்னான்.

"ஐயா, கோவப்படாதீங்க. நேரத்துக்காக வெட்டலை. டீவிக்காரங்ககிட்ட அப்படிச் சொன்னேன். உங்களுக்காகத்தான் வெட்டினேன். எழுதும்போதெல்லாம் நீங்க அந்தக் காம்பராவுல கிடக்கிறதுதான் ஞாபகம் வந்துச்சு. என் காமனாவது உடனே எழும்பிப் போகட்டும்னு விட்டுட்டேன்."

பார்த்தாயா மச்சான், என் மேல் இரக்கமாம்! யார் கேட்டார்கள் இவன் இரக்கத்தை? எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஒன் எரக்கத்த நீயே வச்சுக்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இவன் காமனை எழுப்பிவிட்டான் என்றால், எழுப்பலாம் என்றுதானே அர்த்தம்? கதவைத் திறந்துகொண்டு வந்திருக்கலாம் என்றுதானே அர்த்தம்? அந்த மூன்று நாள் கல்லில் வெட்டியது, அதை யாராலும் மாற்ற முடியாது என்று சொல்லிக்கொண்டுதானே நான் இவ்வளவு காலம் சோறு தின்றேன்? ஒரு சின்னப்பயல் வந்து அதை அழிறப்பரால் அழித்துக் காட்டிவிட்டான். எனக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

பாக்கியம் டீவியை நிறுத்தினாள். தட்டில் இருந்த வெற்றிலையை எடுத்து மடித்து வைத்தாள்.

"அந்தத் தம்பிக்கு இருக்குற எரக்கம் அன்னைக்கி ஒருத்தருக்கும் இல்லையே" என்றாள்.

"என்னையச் சொல்றியா?"

"எல்லாரையும்தான் சொல்றேன். எங்கண்ணன் ஒங்களுக்காகப் பத்தொம்பது வருசம் மாரடிச்சு அழுதுச்சு. அது செத்து மண்ணாப் போச்சு. நீங்க அதுக்காக ஒரு தடவ வாயத் தொறந்து அழுதிருப்பீங்களா? வெளிய வரலைன்னு கூட நான் கேக்கல. வந்த பெறகாச்சும் அழுதீங்களா?"

அழவில்லை. எழுப்பிய அன்றைக்குச் சனம் பூராவும் சந்தோஷத்தில் குலவை போட்டது. அதற்கு நடுவில் எப்படி அழுவது? அடுத்த நாள் வேலை. அதற்கடுத்த நாளும் வேலை. பிறகு அழுதால் ஏன் இப்போது என்று கேட்பார்களே என்று வெட்கம். உன் குழிக்கும் நான் வந்ததில்லை. அந்தப் பக்கம் மலைக்கு வேலை போட்டால், மேல் பாதையைச் சுற்றிக்கொண்டு போவேன். கங்காணி கேட்டால் கீழ்ப்பாதையில் அட்டை கடிக்கும் என்பேன். ரப்பர்க் காட்டில் அட்டை இல்லாத பாதை எது? அவருக்கும் தெரியும், அவரும் கேட்பதில்லை.

இன்று காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது பாக்கியம் ஒன்று சொன்னாள். "காமன நம்ம வீட்டுக்குக் கூப்பிட்டு எரிச்சாச்சு. டீவிக்காரன் எழுப்புனது எழுப்புனதில்ல. மூணாம் நாளு நாளைக்கிதான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. டீவியில் எரித்ததற்கு இந்த வீட்டில் மூன்றாம் நாளா? ஆனால் அவள் சிரிக்கவில்லை. ஓரம் தள்ளிய செருப்பை இன்னும் வாசலில் எடுத்துப் போடவும் இல்லை.

அதனால் மச்சான், உன் மேல்தான் எனக்கு மிச்சக் கோபம். நீ ஏன்டா அன்றைக்குப் பெரட்டுக்குப் போனாய்? ஒரு பேருக்காகவா? நான் மூன்று நாள் செத்துக் கிடக்க வேண்டிய நேரத்தில், எனக்கு முந்திக்கொண்டு நிஜமாகவே போக உனக்கு என்ன அவசரம்? இன்னும் இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? நான் எழுந்து வந்து உன்னைச் சுமந்திருப்பேனே. இதைக் கேட்க ஆள் இல்லாமல்தான் பதினொரு வருஷம் ஊமையாக இருந்தேன்.

வாத்தியார் மேலும் கோபம்தான். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், அங்கே பார்த்தால் கேள். ஒரு மனுஷன் மச்சானைச் சுமக்க வெளியே வந்தால் எந்தச் சாமி தோட்டத்தை அழிக்கும் என்று கேள். ரதி அழுததைப் பார்த்து இரங்கிய சாமிதானே அது? பாக்கியம் அழுததைப் பார்த்து இரங்கியிருக்காதா?

அவரைக் கேட்டுவிட்டு என்னிடமும் வா. கதவுக்கு வெளியே பூட்டு இல்லை மச்சான். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் மட்டும்தான் இருந்தது. அதைப் போட்டதும் நான்தான். இதை நிரோஷனிடம் சொல்லவில்லை. பாக்கியத்திடம் இன்று காலையில்தான் சொன்னேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, "சரி, நாளைக்கி அண்ணன் குழிக்குப் போவோம்" என்றாள்.

நாளைக்கு வருகிறோம். விடிந்த பிறகு, பால் வெட்டுகிறவர்கள் எல்லாம் மலையில் நின்று பார்க்கும்படி, மருந்துக் காம்பராவை ஒட்டிய அந்தக் கீழ்ப்பாதையிலேயே வருகிறோம். சுனிலையும் கூப்பிடப் போகிறேன். அவன் வண்டியில் ஏறி ரோட்டு வாசலிலிருந்து வருவேன். அவன் ஏதும் திட்டினால் வாங்கிக்கொள்வேன். நான் போடாத கோடித்துணி ஒன்று இன்று கடையில் வாங்கிவிட்டேன். நிரோஷனுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, வந்தால் ரொட்டி உண்டு என்று மட்டும் சொன்னேன். உன் ஒப்பாரி முழுக்க எத்தனை நேரம் எடுக்கும் என்று அவனும் ஒரு தடவை உட்கார்ந்து கேட்கட்டும்.

ஆமாம், ஒப்பாரி. ரதியின் ஒப்பாரியை முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடமாகத் தெரிந்தவன் இந்தத் தோட்டத்தில் இன்றைக்கு நான் ஒருத்தன்தான். மற்றவர்கள் தள்ளி நின்று கேட்டவர்கள். நான் துணிக்குக் கீழே, உன் கண்ணீர் முகத்தில் விழப் படுத்துக் கேட்டவன். எந்த இடத்தில் மூச்சு வாங்குவாய், எந்த இடத்தில் சேவல் கூவும் என்று எல்லாம் தெரியும். நாளைக்கு உன் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அடி விடாமல் சொல்லி அழப்போகிறேன். ஆம்பிளை அழுகிறானே என்று எவன் சிரித்தாலும் நிறுத்த மாட்டேன். நீ பத்தொன்பது வருஷம் நிறுத்தவில்லையே.

இது சத்தியம் மச்சான். துணி நான் போர்த்துகிறேன். கொசு கடித்தாலும் அட்டை ஏறினாலும் இந்தத் தடவை நீ படுத்திரு. அசையாதே. தும்மினாய், கொன்றுவிடுவேன்.

உன் தங்கச்சி புருஷன்,
பதினொரு வருஷம் பிந்தி எழுந்த உன் மச்சான்,
மாரிமுத்து